மஸீஹாவின் பல்லும் பாறைக் கிணறும்

அத்தியாயம் பதினொன்று

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குப் போகும் முதல் பஸ்ஸில் கைறுன்னிஸா ஜன்னலோரம் இருந்தாள். மடியில் ஒன்றரை வயது யஹ்யா தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூத்தவள் மஸீஹா, முந்தானையால் வாயை இறுக்கிப் பொத்தியபடி.

மஸீஹா வாயைப் பொத்துவது ஊருக்குப் புதிதல்ல. முன்பற்களில் தேயிலைச் சாயம் ஊறினாற்போல மண்ணிறத் திட்டுகள். பத்து வயதிலிருந்தே, சிரிப்பு வந்தால் கை முதலில் எழும். ஆனால் இன்று அவள் பொத்தியிருந்தது வலியால்.

போன ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவன் சின்னச் சின்னக் குப்பிகளை அடுக்கி வைத்து விற்றானே, மூன்று நாளில் பல் முத்தாகிவிடும் என்று, அதில் ஒன்றை உம்மாவுக்குத் தெரியாமல் வாங்கி வந்து துணியில் நனைத்துத் தேய்த்துவிட்டாள். பல்லில் ஒரு பொட்டுக் கறைகூடக் குறையவில்லை. பல்லைப் பிடித்திருக்கும் முரசுதான் வெந்து, வெள்ளையாகத் தோலுரிந்து போயிற்று. மூன்று நாளாகக் கஞ்சியும் ஆறின பாலும்தான் ஆகாரம்.

முரசு வெந்த திங்கட்கிழமைதான் அந்தக் கடுதாசியும் வந்தது. ஆசிரியை நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை, வியாழக்கிழமை காலை பதினொரு மணி, மாத்தளை. அந்த வியாழக்கிழமை இன்று.

"ஆஸ்பத்திரிக்கு வாரேன். பரீட்சைக்கு மட்டும் போகச் சொல்லாதீங்க உம்மா," என்று புறப்படும்போதே மஸீஹா சொல்லிவிட்டாள்.

 கைறுன்னிஸா மகளின் சான்றிதழ்களைப் பழைய தாளில் சுற்றி, யஹ்யாவின் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பல் பகுதியில் கராம்பு எண்ணெய் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. இவர்களுக்கு முன்னால் ஒரு வயசாளி இருந்தார். அரை மணித்தியாலம் கழித்து அவர் வெளியே வந்தபோது, நாற்பது வருஷ வெற்றிலைக் காவி போய், பற்கள் பளிச்சென்று இருந்தன. கூட வந்தவரிடம் ஈயென்று காட்டிக்கொண்டே போனார்.

அதைப் பார்த்ததும் கைறுன்னிஸாவுக்கு ஆசை வந்தது. இவருக்கே போகுமென்றால் என் பிள்ளைக்குப் போகாதா?

பல் டொக்டர் பெண்பிள்ளை. மங்களேஸ்வரி என்று கதவில் எழுதியிருந்தது. முப்பது வயதிருக்கும். கைத்தறிச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, நெற்றியில் சின்னப் பொட்டு. மஸீஹாவைக் கதிரையில் சாய வைத்து விளக்கைத் திருப்பினாள்.

"என்ன போட்டீங்க இதுல?"

மஸீஹா சொன்னாள்.

"அந்தக் குப்பி மிச்சம் இருக்கா?"

"இல்ல டொக்டர். உம்மா கொட்டிட்டாங்க."

"நல்லது. அது திராவகம். பல்லோட மேல்தோலையே அரிச்சிடும். இன்னும் ஒரு கிழமை தேச்சிருந்தா பல்லே கூசிக் கூசி, சுடுதண்ணி பச்சத்தண்ணி எதுவும் குடிக்க ஏலாமப் போயிருக்கும்." அவள் பஞ்சில் மருந்து தொட்டு முரசில் ஒற்றினாள். "வெந்தது ஆறிடும். பயப்படாதீங்க."

"கறை, டொக்டர்?" என்று கைறுன்னிஸா கேட்டாள். "அந்த வயசாளிக்கு எடுத்தீங்களே, அப்படி எடுக்க ஏலாதா?"

 டொக்டர் மஸீஹாவின் ஒவ்வொரு பல்லையும் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, "நீங்க எந்த ஊரு?" என்றாள்.

"கும்புக்வெவ. தம்புள்ளைக்கு அங்கால மூணு கட்டைத் தூரம்."

"நீங்க பிறந்து வளந்ததும் அங்கயா?"

"இல்ல. நான் மாத்தளை டவுன். கலியாணம் முடிச்சுத்தான் அங்க போனேன்."

"உங்க பல் நல்லா இருக்கு. இவங்களுக்கு மட்டும் ஏன் இப்படின்னு நெனைக்கிறீங்க?"

அந்தக் கேள்வி கைறுன்னிஸாவின் நெஞ்சில் எங்கே தைத்ததென்று டொக்டருக்குத் தெரியாது. பத்து வருஷமாக, புருஷனின் சகோதரியான மதினி அவளிடம் கேட்கும் கேள்வி அது. டவுனில் வளர்ந்தவளுக்குப் பிள்ளைக்குப் பல் தேய்க்கப் பழக்கத் தெரியவில்லை என்று, பெருநாளுக்குப் பெருநாள், பத்துப் பேர் முன்னால்.

"நான் தேச்சுவிட்டேன் டொக்டர்," என்றாள் தணிந்த குரலில். "பால் பல் விழுந்து இது முளைச்ச நாளிலிருந்து. முதல்ல கரியும் உப்பும். அதுல போகல்ல. பிறகு செங்கல்லை இடிச்சுச் சலிச்சு, அந்தத் தூளால தேச்சேன். இவ அழுவா. தலையைக் காலுக்குள்ள இடுக்கிப் பிடிச்சிக்கிட்டுத் தேய்ப்பேன். ரத்தம் வரும். ரத்தம் வந்தா ஊத்தை போகுதுன்னு நெனைச்சேன். நான் தேச்சது பத்தல்லயா டொக்டர்?"

மஸீஹா கதிரையில் இருந்தபடியே உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மா இதை வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை.

டொக்டர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துக் கைறுன்னிஸாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நான் சொல்றத நல்லாக் கேளுங்க. இது ஊத்தை இல்ல. வெத்திலைக் காவி, தேத்தண்ணிக் கறை, சுருட்டுக் கறை இதெல்லாம் வெளியிலிருந்து வந்து பல் மேல படியுது. ரெண்டு வேளையும் மெதுவாத் தேச்சு, தேத்தண்ணி குடிச்சதும் வாயைக் கொப்பளிச்சா அது வராது. வந்தாலும் நான் சுரண்டி எடுத்துடுவேன். இது அப்படி இல்ல. பல் முரசுக்குள்ள உருவாகும்போதே, வெளியில வாரதுக்கு முந்தியே ஊறினது. நீங்க மலையளவு செங்கல் இடிச்சாலும் போகாது. தேய்க்காம விட்டிருந்தாலும் கூடியிருக்காது."

"அப்ப எதுல ஊறிச்சு?"

"குடிக்கிற தண்ணியில. சில கிணத்துத் தண்ணியில ஃபுளோரைட்னு ஒரு உப்பு கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாய்க்கும் தெரியாது. கொஞ்சமா இருந்தா பல்லுக்கு நல்லது. கூடிப் போனா, வளர்ற பல்லுல கறையாப் படியும். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல நான் பிள்ளைகளோட பல் பாத்திருக்கேன். ஒரே ஊர்ல ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கறை இருக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இருக்காது. கிணறுதான் வித்தியாசம். உங்க ஊர்ல பல் வெள்ளையா இருக்கிற பிள்ளைகள் யாராவது இருக்கா?"

கைறுன்னிஸா யோசித்தாள். எதிர்வீட்டு ஹவ்வாவின் மூத்தவளுக்கு இதே கறை. கடைக்காரர் வீட்டிலும் அப்படித்தான். வரிசையாக எண்ணிக்கொண்டே போனவள், குளத்தடிக்கு வந்ததும் நின்றாள். புஞ்சிபண்டாவின் ஐந்து பிள்ளைகள். வெயிலில் கருத்த முகங்கள், சிரித்தால் தேங்காய்ச் சொட்டு மாதிரிப் பற்கள். அவர்கள் குடிப்பது வயலோரத்துச் சின்னக் கிணற்றில், எட்டு அடி ஆழம்கூட இல்லாத கிணறு, குளத்துக் கசிவு ஊறும் கிணறு.

மற்ற எல்லோரும் குடிப்பது பாறைக் கிணற்றில்.

பாறைக் கிணறு அவளுடைய புருஷன் பதுர்தீன் வெட்டியது.

"டொக்டர்," என்றாள்.  "தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடுத்தா?"

"போகாது. வேற தண்ணிதான் வழி. உங்க கிணத்துலயிருந்து ஒரு போத்தல் கொண்டு வாங்க, நான் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கிறேன். அதுக்கு முந்தி நிச்சயமாச் சொல்ல மாட்டேன். ஆனா பல்லைப் பாத்தா எனக்குச் சந்தேகமில்ல." அவள் யஹ்யாவின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள். அரிசிமணி போல ஆறேழு பற்கள். "தம்பிக்கு ஒண்ணும் ஆகல்ல. இது பால் பல். இது விழுந்து ஆறேழு வயசுல முளைக்கப் போற பல் இப்ப உள்ளுக்குள்ள உருவாகிட்டிருக்கு. இன்னைக்கே தண்ணியை மாத்தினீங்கன்னா இவனுக்குப் பெரும்பாலும் வெள்ளையாவே வரும்."

"எனக்கு?" என்று மஸீஹா கேட்டாள்.

டொக்டர் அவளை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு இது இப்படியேதான் இருக்கும். பொய் சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்ல. ஆனா ஒரு சொத்தை இல்ல, ஒரு ஆட்டம் இல்ல. இவ்வளவு உறுதியான பல் நான் இந்தக் கிழமை யாருக்கும் பாக்கல்ல. இனி அதைச் சுரண்டாதீங்க. மெதுவாத் தேய்ங்க. அவ்வளவுதான்."

 வெளியே வந்ததும் கைறுன்னிஸா ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மகள்," என்றாள். "செங்கல் தூளால தேச்சேனே."

"உங்களுக்குத் தெரியாதே உம்மா."

"நீ எவ்வளவு அழுத."

"எனக்கு அது மறந்து போச்சு." மறக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. மஸீஹா தம்பியை உம்மாவின் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.  பிறகு கேட்டாள்: "இப்ப மணி என்ன உம்மா?"

எதிரே சுவரில் மணிக்கூடு இருந்தது. பத்து மணி பத்து நிமிஷம்.

"என்ட சான்றிதழ் எல்லாம் நீங்க கொண்டு வந்திருக்கீங்கதானே?" என்றாள் மஸீஹா. "யஹ்யாட துணிக்குக் கீழ."

நேர்முகப் பரீட்சை நடந்த கட்டடத்துக்கு வெளியே கைறுன்னிஸா முக்கால் மணித்தியாலம் காத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினாள். யஹ்யா தாகத்தில் சிணுங்கினான். வீட்டிலிருந்து கொண்டு வந்த போத்தலில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு சாக்கடைப் பக்கம் போய் முழுவதையும் ஊற்றிவிட்டு, எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடையில் டவுன் தண்ணீர் வாங்கி வந்து பிள்ளைக்குக் கொடுத்தாள்.

மஸீஹா வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறி, நாலந்தையைத் தாண்டிய பிறகுதான் அவள் பேசினாள்.

  

"பாடம் ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க உம்மா," என்றாள் மஸீஹா அப்போது. "அஞ்சாம் வகுப்புக்கு எடுக்கிற மாதிரி, சுகாதாரம், அஞ்சு நிமிஷம்."

"நீ என்ன எடுத்த?"

"பல்லைப் பத்தி."

கைறுன்னிஸா திரும்பிப் பார்த்தாள்.

"மூணு பேர் இருந்தாங்க. அவங்களைப் பிள்ளைகள்னு நெனைச்சுக்கிட்டேன். பல்லுல ரெண்டு வகைக் கறை இருக்கு, ஒண்ணு வெளியிலிருந்து வாரது, ஒண்ணு உள்ளுக்குள்ள ஊறுறது, முதலாவது உங்க கையில இருக்கு, ரெண்டாவது நீங்க குடிக்கிற தண்ணியில இருக்குன்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு நடுவில இருந்தவர் கேட்டார். முந்தானையை எடுத்துட்டு இதோ பாருங்கன்னு என்ட பல்லைக் காட்டினேன்."

"காட்டினியா?"

"ஓம். ஒருத்தர் மேசையைச் சுத்தி வந்து கண்ணாடியைப் போட்டுப் பாத்தார். அவர்ட மகளுக்கும் இப்படித்தானாம். எந்த டொக்டர்னு கேட்டு எழுதிக்கிட்டார்." மஸீஹா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எடுப்பாங்களோ தெரியாது. ஒரு மாசத்தில தபால் வருமாம். ஆனா பேசும்போது எனக்குக் கை மேல போகல்ல உம்மா. அது எனக்கே பிறகுதான் தெரிஞ்சது."

கைறுன்னிஸா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தம்புள்ளை வரும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழ்ந்திருந்தது. பதுர்தீன் வெங்காயத் தோட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை. கைறுன்னிஸா உடுத்த சேலையோடு ஒரு குடத்தை எடுத்தாள். வழக்கமான பக்கம் திரும்பாமல், குளத்துக் கட்டு வழியாக இறங்கி வயலுக்குப் போனாள். புஞ்சிபண்டாவின் மனைவியிடம் சிங்களத்தில் கேட்டுக்கொண்டு, அந்தச் சின்னக் கிணற்றில் ஒரு குடம் மொண்டாள்.

அவள் குடத்தோடு திரும்பி வருவதை ஊரே பார்த்தது. அதற்குள் தோட்டத்திலிருந்து வந்து, வாசல் படலையில் நின்று பதுர்தீனும் பார்த்தார்.

"இது என்ன?" என்றார்.

"குடிக்கத் தண்ணி."

"நம்ம கிணறு வத்திப் போச்சா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கோபம் கூடக்கூடக் குரல் இறங்கும் மனிதர் அவர். பாறைக் கிணறு அவருக்கு வெறும் கிணறல்ல. கலியாணமான வருஷம், மௌத்தான தன் உம்மாவின் பேரில், ஊருக்கென்று வெட்டியது. முப்பத்திரண்டு அடி, அதில் பாதி கருங்கல். வெடி வைத்து வெடி வைத்து உடைத்தார். குளம் வெடித்துப் பாளம் பாளமான வறட்சியிலும் அது வற்றவில்லை. மிளகாய் ஏற்ற வரும் லொறிக்காரர்கள்கூட அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்து, அவருடைய உம்மாவுக்கு துஆச் செய்துவிட்டுப் போவார்கள்.

கைறுன்னிஸா குடத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் கேட்டதை, தான் எண்ணிப் பார்த்ததை, புஞ்சிபண்டாவின் பிள்ளைகளை.

"சோதிச்சுப் பாத்தாங்களா?"

"இன்னும் இல்ல. ஒரு போத்தல் கேட்டாங்க."

"அப்ப முடிவு வரட்டும். அதுக்கு முந்தி என்ட பொண்டாட்டி என்ட கிணத்தை விட்டுட்டு வயலுக்குப் போனா ஊர் என்ன பேசும்?"

"முடிவு வாரவரைக்கும் யஹ்யாட பல் வளராம நிக்குமா?" என்றாள் கைறுன்னிஸா.

இருபது வருஷத்தில் அவள் அவரிடம் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. பதுர்தீன் வாங்கில் உட்கார்ந்தார். நெடுநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஸீஹா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வாப்பா, எனக்கு உங்க மேல கோவம் இல்ல. நீங்க நல்லதுக்குத்தானே வெட்டினீங்க. குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு, எல்லாத்துக்கும் அந்தத் தண்ணி நல்லதுதான். சின்னப் பிள்ளைகள் குடிக்கத்தான் கூடாது."

"இங்க வா," என்றார் அவர். "வாயைத் திற மகள்."

அவள் திறந்தாள். பதுர்தீன் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஏழெட்டு வருஷமாக மகளின் பல்லை அவர் பார்த்ததில்லை. அவள் காட்டியதில்லை, அவரும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெந்து உரிந்திருந்த முரசையும் பார்த்தார்.

"எரியுதா?"

"இப்பக் குறைவு வாப்பா."

அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கைறுன்னிஸா பின்னால் போகவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தாள்.

கிணற்றடியில் எதிர்வீட்டு ஹவ்வா நின்றிருந்தாள். இடுப்பில் மூன்று வயதுக் கடைசிப் பிள்ளை, கையில் குடம். வாளியை இறக்கப் போனவளிடமிருந்து பதுர்தீன் கயிற்றை வாங்கினார். வழக்கமாக அவரே இறைத்துக் கொடுப்பதுண்டு. ஹவ்வா சிரித்துக்கொண்டு விலகி நின்றாள்.

அவர் இறைக்கவில்லை.

"ஹவ்வா, இந்தத் தண்ணியை இனிக் குடிக்கக் கொண்டு போக வேணாம். பிள்ளைக்குக் குடுக்கவே வேணாம்."

"ஏன் நானா? பாம்பு கீம்பு விழுந்துட்டுதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் ஹவ்வா.

"இல்ல. வெட்டின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கு. எனக்குத் தெரியல்ல." அவர் கயிற்றைக் கிணற்றுக் கட்டில் போட்டார். "பிள்ளைகள்ட பல்லு மண்ணிறமாப் போறது இதாலதானாம். சோதிச்சு முடிவு வரல்ல. ஆனா நான் என்ட மகள்ட பல்லைப் பாத்துட்டு வாரேன். அது வாரவரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு மனசில்ல."

 போன வருஷம் ஹவ்வாவின் மூத்தவளுக்குப் பேசின கலியாணம் அந்தப் பல்லைச் சொல்லித்தான் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுத்தமில்லாத வீடு என்று நாலு ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவள் புருஷன் பாறூக் அந்தப் பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அப்ப என்ட மகள் ஒரு குத்தமும் செய்யல்ல," என்றாள் ஹவ்வா மெல்ல.

"இல்ல."

"இதை அவட வாப்பாட முகத்துக்கு நேர சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அவர் உங்களைச் சும்மா விடமாட்டார் நானா."

"தெரியும். மஃரிப் தொழுது, இருட்டினதும் வாரேன்னு சொல்லு."

ஹவ்வா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வெறும் குடத்தோடு இரண்டடி நடந்தவள், திரும்பினாள்.

"நாளைக்கு வயலுக்கு வண்டி கட்டுவீங்கதானே? எங்கட குடத்தையும் ஏத்திக்கொள்ளுங்க."

பதுர்தீன் தலையசைத்தார். உள்ளே வந்தவர் கைறுன்னிஸாவிடம் ஒரு சுத்தமான போத்தல் கேட்டார். அவள் கழுவிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய், தன் கையாலேயே கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி, தக்கையை இறுக்கி மூடினார்.

அதற்குள் ஹவ்வா வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். பதுர்தீன் போத்தலோடு நிமிர்ந்தபோது, பாறூக் மஃரிப் வரை காத்திருக்காமல், சட்டைகூடப் போடாமல், எதிர்வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். பாறூக்கின் கையைப் பிடித்தபடி, முந்தானையால் வாயைப் பொத்தாத திறந்த முகத்தோடு, அவர் ஒரு வருஷமாகப் பேசாதிருந்த மூத்த மகள்.